கம்பியில் ஏறுமுன்

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்து ஈரக்காலோடு வளவுக்குள் ஓடக் கூடாது. காரைக்குடிப் பக்கத்தில் நான் வளர்ந்த பழைய வீட்டில் இது சட்டம். ஏழு வயதில் ஒருநாள் அந்தச் சட்டத்தை மீறினேன். ஆத்தங்குடிக் கல் பதித்த பத்தியில் இரண்டு எட்டுதான் வைத்திருப்பேன். குதிகால் முன்னால் பறந்தது, உடம்பு பின்னால் சாய்ந்தது. கையை வீசிச் சுவரைப் பிடிக்கப் பார்த்தேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவர் அது. கண்ணாடியைப் போல வழுவழுப்பானது, அதுவும் பிடி கொடுக்கவில்லை. பின்மண்டை தரையில் மோதியது.

அப்பத்தா தலையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "வழுக்குற தரையில எட்டி எட்டி வைக்கக் கூடாதப்பா. வாத்து மாதிரி சின்னச் சின்னதா வச்சு வா. காலு எங்க இருக்கோ அங்கதான் உடம்பும் இருக்கணும்."

பல ஆண்டுகள் கழித்து வளைகுடா நாடு ஒன்றில், கூரைக்குள் பனி கொட்டி வைத்திருந்த ஒரு கூடத்தில், இதே விழுகையை மறுபடி பார்த்தேன். பனிச்சறுக்கு பழகும் இளைஞர் ஒருவர், காலில் கட்டிய இரண்டு சறுக்குப் பலகைகளோடு, பனிக்கு நடுவே நட்டிருந்த இரும்புக் கம்பியின் மேல் தாவி ஏறினார். அடுத்த கணம் கால்கள் முன்னால் பறந்தன, உடம்பு பின்னால் சாய்ந்தது, கைகள் காற்றைப் பிடித்தன. தலைக்கவசம் இருந்ததால் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். பயிற்சி தந்தவர் தன் மார்பைத் தொட்டுக் காட்டி, பிறகு கால் பலகையைக் காட்டினார். இது அதற்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்று பொருள். அப்பத்தா சொன்னதும் இதைத்தான்.

வழுக்கும் பரப்பில் விழாமல் இருக்கும் வித்தை காலில் இல்லை. ஏறுவதற்கு முன்பே உடம்பை எங்கே கொண்டுவந்து வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஏறிய பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தால் உராய்வு அதற்கு இடம் தராது. ஏன் தராது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

படிக்கட்டிலிருந்து பனிமலைக்கு

பனிமலையில் இரும்புக் கம்பிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். இந்த ஆட்டம் தெருவில் பிறந்தது. 1980களில் அமெரிக்காவில் ஸ்கேட்போர்டு ஓட்டிய இளைஞர்கள், படிக்கட்டுகளின் கைப்பிடிக் கம்பி மேல் பலகையோடு தாவி ஏறிச் சறுக்கி இறங்கத் தொடங்கினார்கள். இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டும் பனிப்பலகைக்காரர்கள் அதை மலைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு காலிலும் தனித்தனிப் பலகை கட்டும் ஸ்கீக்காரர்களும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். 2014இல் ரஷ்யாவின் சோச்சி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் 'ஸ்லோப்ஸ்டைல்' என்ற பெயரில் இது பதக்கப் போட்டியாகவே ஆனது. சரிவில் வரிசையாக நிற்கும் கம்பிகள் மேல் சறுக்கி, பனிமேடுகளில் தாவி இறங்க வேண்டும்.

நம் நாட்டில் பனிச்சறுக்கு என்றால் முதலில் நினைவுக்கு வருவது காஷ்மீரின் குல்மார்கும் உத்தராகண்டின் ஔலியும்தான். தமிழ்நாட்டில் பனி இல்லை. ஆனால் இந்த ஆட்டத்தின் மூத்த அக்காளான ஸ்கேட்போர்டு மாமல்லபுரத்துக்கு வந்துவிட்டது. வெறுங்காலோடு பலகையில் ஏறிச் சரிவில் இறங்கிய கமலி என்ற சிறுமியின் படம் உலகெங்கும் பரவியது. அவளையும் அவள் தாயையும் பற்றிய 'கமலி' என்ற ஆவணக் குறும்படம், 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஊரில் வெண்ணெய் உருண்டைப் பாறை நிற்கும் சரிவில், ஸ்கேட்போர்டு என்ற சொல்லே இல்லாத காலத்திலிருந்து பிள்ளைகள் உட்கார்ந்து சறுக்கி வருகிறார்கள். அந்தச் சரிவில் வழுவழுப்பான தடம் விழுந்திருக்கிறது.

கண்ணாடியில் வார்த்த தரை

வழுக்குதல் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள ஆத்தங்குடிக் கல்லைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. அது சூளையில் சுட்ட ஓடு அல்ல. சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேல் கோலத்துக்கு ஏற்ற உலோக அச்சை நிறுத்தி, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுவார்கள். அச்சை மெல்ல எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை வைத்துச் சமப்படுத்துவார்கள். இறுகிய பின் சில நாள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால் கண்ணாடி தானே விலகிக்கொள்ளும். அடியில் இருந்த முகம்தான் கல்லின் மேல்முகம். கண்ணாடியின் வழுவழுப்பு அப்படியே அதில் பதிந்திருக்கும்.

இந்தத் தரை காய்ந்திருக்கும்போது வெறுங்காலுக்கு வழுக்காது. நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதத்தின் மெத்தென்ற தோல் தரையோடு ஒட்டி உட்காருவதால் நல்ல பிடிமானம் கிடைக்கிறது. ஒரு துளி எண்ணெயோ சோப்புத் தண்ணீரோ நடுவில் வந்தால்தான் ஆபத்து. சொரசொரப்பான கருங்கல் தரையில் தண்ணீர் பள்ளங்களுக்குள் ஒதுங்கிக்கொள்ளும், மேடுகள் பாதத்தைத் தொடும். வழுவழுப்பான தரையில் தண்ணீர் ஒதுங்க இடமே இல்லை. பாதத்துக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய படலமாக அகப்பட்டுக்கொள்கிறது. அப்போது நாம் நிற்பது கல்லின் மேல் அல்ல, தண்ணீரின் மேல்.

பனியில் பலகை சறுக்குவதிலும் இதற்கு உறவான ஒன்று நடக்கிறது. பலகைக்கும் பனிக்கும் இடையில் உராய்வால் பிறக்கும் வெப்பம் பனியை நூலளவு உருக்குகிறது, அந்த நீர்ப்படலம் மசகாகிறது என்று பௌடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1939இல் சோதனை செய்து காட்டினார்கள். இரும்புக் கம்பியில் இப்படி உருக எதுவும் இல்லை. அங்கே உதவுவது பலகையின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான பாலிஎதிலீன் பிளாஸ்டிக்தான்.

ஒரே ஒரு எண்

எவ்வளவு வழுக்கும் என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். அதன் பெயர் உராய்வுக் குணகம். ஒரு பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசையை, அந்தப் பொருள் தரையை அழுத்தும் விசையால் வகுத்தால் கிடைப்பது அது. 1699இல் பிரான்சின் அமோந்தோன் என்பவர் இதில் இரண்டு உண்மைகளைச் சொன்னார். அழுத்தம் இரண்டு மடங்கானால் உராய்வும் இரண்டு மடங்காகும். தொடும் பரப்பு கூடினாலும் குறைந்தாலும் உராய்வு மாறாது. அதே நாட்டின் கூலும் என்பவர் 1785இல் இவற்றை விரிவாக உறுதிப்படுத்தினார். எல்லாப் பொருளுக்கும் எல்லா நிலையிலும் இந்த விதிகள் துல்லியமாகப் பொருந்துவதில்லை. நம் கணக்குக்கு இவை போதும்.

இந்த எண்ணின் வலிமையைப் பார்க்க வழுக்கு மரத்தடிக்குப் போகலாம். கிருஷ்ண ஜெயந்தி சமயத்தில் ஊர்மந்தையில் நடும் மரம். பட்டை சீவி எண்ணெய் தடவியிருப்பார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதில் தொற்றி நிற்க வேண்டும், குணகம் 0.1 என்று வைத்துக்கொள்வோம். அவர் எடையை உராய்வு மட்டுமே தாங்க வேண்டுமானால், கையும் காலும் சேர்ந்து மரத்தை 600 கிலோ எடைக்குச் சமமான விசையால் இறுக்க வேண்டும். தனி ஆளால் நடக்கிற காரியமா அது? அதனால்தான் கீழே தோள்மேல் தோளாக ஆட்கள் நின்று ஏற்றிவிடுகிறார்கள். ஏறுபவர் மண்ணையும் சாம்பலையும் மரத்தில் பூசி எண்ணெயை உறிஞ்சவைக்கிறார். குணகம் 0.3க்கு உயர்ந்தால் 600 கிலோ 200 கிலோவாகிவிடும்.

மரம் ஏறுபவருக்குக் கட்டிப்பிடிக்கும் வாய்ப்பாவது இருக்கிறது. கம்பி மேல் நிற்பவருக்கு அதுவும் இல்லை. அவரை அழுத்துவது அவருடைய எடை மட்டுமே. கையில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: உடம்பின் சாய்வு.

சாய்வின் கணக்கு

நடக்கும்போது இடுப்புக்கு நேர் கீழே கால் ஊன்றினால் தரையை நேர் கீழாக அழுத்துகிறோம். முன்னால் எட்டி வைத்தால் கால் சாய்வாக நிற்கும். தரையைக் கீழே மட்டும் அல்ல, முன்னோக்கியும் தள்ளுகிறோம். அந்த முன்தள்ளலைத் தாங்கிப் பிடிப்பது உராய்வு. எவ்வளவு உராய்வு வேண்டும் என்பதை நாடா வைத்தே அளந்துவிடலாம். இடுப்பு உயரம் 80 சென்டிமீட்டர் உள்ள ஒரு பிள்ளை, 24 சென்டிமீட்டர் முன்னால் கால் ஊன்றினால் 24ஐ 80ஆல் வகுத்து 0.3 குணகம் வேண்டும். 4 சென்டிமீட்டர் மட்டுமே முன்னால் வைத்தால் 0.05 போதும். எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் சேர்ந்த வழுவழுப்பான தரையில் குணகம் 0.1க்கும் கீழே இறங்கிவிடலாம். எட்டி வைத்த பிள்ளை விழும், குறுக வைத்த பிள்ளை நடந்து போய்விடும். வாத்து நடையின் அறிவியல் இவ்வளவுதான்.

இப்போது கம்பிக்கு வருவோம். எஃகின் மேல் பலகையடியின் அந்த பிளாஸ்டிக் சறுக்கும்போது குணகம் ஏறத்தாழ 0.1 முதல் 0.2 வரை இருக்கும். 0.1 என்றே எடுத்துக்கொண்டால், அது தாங்கும் சாய்வு 6 பாகைக்கும் சற்றுக் குறைவு. கடிகாரத்தில் நொடி முள் ஒரு துடிப்பில் நகரும் அளவு. அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் சலுகை.

கம்பி 15 பாகை சரிவாக இருந்தால் கணக்கு இன்னும் கூர்மையாகும். சறுக்கும் ஒருவரைக் கம்பி எந்தத் திசையில் தாங்குகிறதோ, அந்தத் திசைக்கோட்டில்தான் அவருடைய ஈர்ப்பு மையம் இருக்க வேண்டும். கோடு தவறினால் உடம்பு சுழன்று விழும். கம்பியின் தாங்குவிசை கம்பிக்குச் செங்குத்தாக மேலே வருகிறது. உராய்வு அதைச் சற்றே, அந்த 6 பாகை மட்டும், பின்னுக்குச் சாய்க்கிறது. 15இல் 6 போனால் 9. ஆகவே அவர் தூக்குக்குண்டு நூலுக்கு நேராக நிற்கக் கூடாது. ஏறத்தாழ 9 பாகை சரிவை நோக்கி, முன்னால் சாய்ந்து நிற்க வேண்டும்.

பயந்தவர் யாராவது பள்ளத்தை நோக்கிச் சாய்வாரா? எல்லாரும் பின்னால்தான் சாய்வார்கள். பனியில் அந்தப் பழக்கம் ஓரளவு காப்பாற்றவும் செய்யும். பலகையைக் குறுக்கே திருப்பி மேட்டுப் பக்கம் சாய்த்தால், அதன் ஓரத்தில் பதித்த எஃகு விளிம்பு பனியை வெட்டிப் பிடித்து நிறுத்திவிடும். இரும்புக் கம்பியை எஃகு விளிம்பால் வெட்ட முடியாது. பின்னால் சாய்ந்த மறுகணம் பலகை முன்னால் ஓடிவிடுகிறது. பனியில் காப்பாற்றிய அதே பழக்கம் கம்பியில் கவிழ்க்கிறது. பலகையைத் தட்டையாக வை, விளிம்பை ஊன்றாதே என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

முளைக்குச்சி சொல்லும் ரகசியம்

கன்றுக்குட்டி கட்டிய முளைக்குச்சியைப் பிடுங்கும்போது யாரும் நேராக இழுப்பதில்லை, திருகிக்கொண்டே இழுப்பார்கள். இறுகிய வளையலைக் கழற்றுவதும் அப்படித்தான். திருகினால் ஏன் எளிதாக வருகிறது?

உராய்வு எப்போதும் நகர்வுக்கு நேர் எதிர்த் திசையில் மட்டுமே வேலை செய்யும். நிலையாக நிற்கும் பொருளை எந்தப் பக்கம் தள்ளினாலும் அது எதிர்த்து நிற்கும். ஒரு திசையில் வழுக்கத் தொடங்கிவிட்டால், அதன் பலம் முழுவதும் அந்த ஒரு திசைக்கே செலவாகிவிடுகிறது. பக்கவாட்டில் தடுக்க அதனிடம் ஏதும் மிச்சம் இல்லை. திருகும்போது உராய்வு சுழற்சியை எதிர்ப்பதில் மூழ்கிவிடுகிறது. குச்சி மேலே வந்துவிடுகிறது.

கம்பியில் சறுக்குபவரின் நிலை அந்த முளைக்குச்சியின் நிலைதான். அவர் முன்னால் விரைந்துகொண்டிருக்கிறார், உராய்வு பின்னால் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உடம்பு இடப்பக்கம் சாய்கிறதே என்று காலைப் பக்கவாட்டில் ஊன்றித் தள்ளினால், தாங்கிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை, பலகைதான் நழுவும். தரையில் தடுமாறும்போது நாம் நினைக்காமலே செய்யும் அந்தத் திருத்தம் இங்கே செல்லாது.

நேரமும் குறைவு. 5 மீட்டர் நீளக் கம்பியில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறினால் மொத்தப் பயணமே ஒரு நொடி. ஈர்ப்பு மையம் 1 மீட்டர் உயரத்தில் உள்ள ஒருவர், ஊன்றிய இடத்துக்கு நேர் மேலிருந்து 1 சென்டிமீட்டர் விலகி நிற்கிறார், எந்தத் திருத்தமும் செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விலகல் ஒரு நொடியில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டராகப் பெருகும். கம்பியின் மறுமுனைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவார். 5 சென்டிமீட்டர் விலகலோடு ஏறியவருக்கு அது அரை மீட்டரைத் தாண்டும். அவர் மறுமுனையை எட்டுமுன்பே கவிழத் தொடங்கிவிடுவார். இருவருடைய தலைவிதியும் முடிவானது கம்பியைத் தொட்ட அந்தக் கணத்தில்.

அகல வரப்பு, ஒடுங்கிய வரப்பு

அப்படியானால் பழகுவது எப்படி? வயல் வரப்பில் நடக்கப் பழகிய அதே வழிதான். முதலில் அகலமான வரப்பு, பிறகு ஒடுங்கியது.

புதிதாகப் பழகுபவரை ஒல்லியான குழாயில் ஏற்ற மாட்டார்கள். தரையோடு தாழ்ந்து கிடக்கும் அகலமான பெட்டி ஒன்றுதான் முதல் பாடம். பாதத்துக்கடியில் தாங்கும் பரப்பு 30 சென்டிமீட்டர் அகலமாக இருந்தால், எடையைக் கால்விரலுக்கும் குதிகாலுக்கும் மாற்றி, நடுவிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள்ளான விலகலைத் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. 6 சென்டிமீட்டர் குழாயில் அந்தச் சலுகை வெறும் 3 சென்டிமீட்டர். முதல் சில நாள் பலகைகளைப் பெட்டியின் நீளவாக்கிலேயே நேராக வைத்துக் கடப்பார்கள். அடுத்தது, ஏறும்போதே சின்னத் தாவலோடு இடுப்பைத் திருப்பிக் குறுக்காக நின்று சறுக்குவது.

முழங்காலை மடக்கு என்பது அடுத்த பாடம். குனிந்தால் விழமாட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளங்கையில் நீளமான விளக்குமாற்றை நிறுத்துவது எளிது, பென்சிலை நிறுத்துவது கடினம். தாழ்ந்த பொருள்தான் விரைவாகச் சாயும். மடங்கிய முழங்காலின் பயன் வேறு. விறைத்த காலால் ஒன்றும் செய்ய முடியாது. மடங்கிய கால் நீளவும் குறுகவும் முடியும். கம்பியின் அதிர்வு உடம்பைத் தூக்கியெறியாமல் கால் அதை வாங்கிக்கொள்ளும்.

மெதுவாக ஏறினால் பத்திரம் என்பதும் தவறான எண்ணம். சமதளக் கம்பி 5 மீட்டர், குணகம் 0.1 என்றால், மறுமுனையை எட்டவே மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். குறைந்தால் நடுக்கம்பியில் நின்றுபோய் இடறி விழ வேண்டியதுதான்.

கம்பியும் ஒரே சீராக இருக்க வேண்டும். துருப்பிடித்த ஒரு திட்டு வந்து குணகம் 0.1லிருந்து திடீரென 0.4க்குத் தாவினால், உடம்பு நிற்க வேண்டிய சாய்வு 6 பாகையிலிருந்து 22 பாகைக்கு மாறிவிடும். கால் நின்றுவிடும், உடம்பு முன்னால் போகும். வழுக்குவதைவிட, வழுக்கி வழுக்கி நடுவில் பிடிப்பது மோசம். இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்ற ஆராய்ச்சி காரைக்குடி மண்ணிலேயே நடக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் முக்கியமான துறைகளில் ஒன்று அது.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

பனியும் வேண்டாம், பலகையும் வேண்டாம். ஒரு தரைக்கல், ஒரு ரூபாய் நாணயம், ஓர் அளவுகோல் போதும்.

கல்லின் ஒரு விளிம்பை மெல்லத் தூக்குங்கள். நாணயம் நகரத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, தூக்கிய உயரத்தையும், தரையைத் தொடும் விளிம்பிலிருந்து தூக்கிய விளிம்புக்கு நேர் கீழ் வரையுள்ள கிடைமட்டத் தூரத்தையும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுங்கள். உங்கள் வீட்டுத் தரையில் அந்த நாணயத்தின் உராய்வுக் குணகம் கிடைத்துவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு நாணயத்தை ஒட்டி மறுபடி செய்யுங்கள். எடை நான்கு மடங்கானாலும் கோணம் ஏறத்தாழ அதேதான். அமோந்தோன் 1699இல் சொன்னதை உங்கள் வீட்டு முற்றத்தில் நீங்களே சரிபார்த்துவிட்டீர்கள்.

இரண்டாவது சோதனைதான் முக்கியம். கல்லைச் சற்றே தாழ்த்தி, நாணயம் நகராமல் நிற்கும்படி வையுங்கள். சரிவாகத்தான் இருக்கிறது, ஆனால் உராய்வு அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இப்போது ஒரு விரலால் நாணயத்தைக் கீழே தள்ளாமல், பக்கவாட்டில் மட்டும் தள்ளுங்கள். நேர்கோட்டில் பக்கவாட்டாக அது போகாது. நீங்கள் தள்ளாத திசையில், சரிவில் கீழ்நோக்கியும் வழுக்கிக்கொண்டே போகும். விரலை நிறுத்தினால் நாணயமும் நின்றுவிடும்.

நிற்கும்வரை எல்லாப் பக்கமும் பிடித்துக்கொண்டிருந்த உராய்வு, நகரத் தொடங்கியதும் கைவிட்டதை அந்த நாணயத்தில் கண்ணால் பார்க்கலாம். ஈரப் பத்தியில் கால் வைக்கப்போகும் பிள்ளைக்கும், கம்பியில் ஏறப்போகும் இளைஞருக்கும் சொல்ல வேண்டியது இதுதான்: கால் ஊன்றும் முன்பே உடம்பை நேர்ப்படுத்திக்கொள். அதற்குரிய நேரம் தரையில்தான் இருக்கிறது, வழுக்கலில் இல்லை.